காஸ்ட் பிளஸ் ஒப்பந்தம் வரப்போகிறது, கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:

எல்லோருக்கும் வணக்கம். வர்ஜீனியா வந்து 10 மாதம் ஆகிறது, கிரீன் கார்டு கையில் இருக்கிறது. கணவரும் அவர் நண்பரும் 6 பேரை வைத்து ஒரு சின்ன சென்சார் கம்பெனி நடத்துகிறார்கள். சின்ன கம்பெனிகளின் ஆராய்ச்சிக்கு அரசாங்கம் பணம் தரும் எஸ்.பி.ஐ.ஆர். திட்டத்தில், பாதுகாப்புத் துறையிடம் முதல் கட்டம் முடித்துவிட்டார்கள். அது ஃபிக்ஸட் பிரைஸ், பேசிய விலைதான். இரண்டாம் கட்டம் காஸ்ட் பிளஸ் ஃபிக்ஸட் ஃபீயாம், அதாவது ஆன செலவும் அதற்கு மேல் பேசி வைத்த ஒரு ஃபீயும் தருவார்களாம். அதற்கு முன் எஸ்.எஃப். 1408 என்ற படிவத்தின்படி உங்கள் கணக்கு முறையைப் பார்ப்போம் என்று கடிதம் வந்திருக்கிறது. நான் பி.காம்., ஊரில் 5 வருடம் டேலியில் கணக்கு எழுதியவள். "நீதான் இருக்கிறாயே" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். இப்போது குவிக்புக்ஸில்தான் ஓடுகிறது. டி.சி.ஏ.ஏ. அங்கீகரித்த சாஃப்ட்வேர் வாங்கினால்தான் தேறும் என்று ஒருவர் பெரிய விலை சொல்கிறார். வாங்கலாமா?

பதில்:

வாங்காதீர்கள். டி.சி.ஏ.ஏ. எந்த சாஃப்ட்வேரையும் அங்கீகரிப்பதில்லை. அது பாதுகாப்புத் துறையின் ஒப்பந்தத் தணிக்கை அமைப்பு, 1965-லிருந்து இருக்கிறது. அவர்கள் பார்ப்பது நீங்கள் கணக்கு எழுதும் விதத்தை. ஒழுங்காக அமைத்தால் குவிக்புக்ஸே 6 பேர் கம்பெனிக்குப் போதும். ஒழுங்கில்லாமல் எழுதினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் தேறாது. நான் மேரிலாந்தில் 14 வருடமாக இப்படிப்பட்ட சின்ன கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். சாஃப்ட்வேரால் மாட்டிக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை, டைம்ஷீட்டால் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

கணக்குக்குள் போகும் முன் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. இவரிடம் கிரீன் கார்டு இருக்கிறது, சரி. வேலை அனுமதி இல்லாமல், ஹெச்-1பி-காரரின் குடும்பத்துக்குத் தரும் ஹெச்-4 விசாவில் மட்டும் இருப்பவர்கள், "வீட்டுக்காரர் கம்பெனிதானே, சம்பளம் வாங்கவில்லையே" என்று கணக்கு எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். லாபத்துக்கு நடக்கும் கம்பெனியில் சும்மா செய்தாலும் அது வேலைதான். முதலில் குடியேற்ற வக்கீலிடம் கேளுங்கள். அதேபோல எஸ்.பி.ஐ.ஆர். கம்பெனி என்றால் பாதிக்கு மேல் பங்கு அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான விதி. மச்சான் பேரில் பங்கு எழுதும் முன் இதை யோசியுங்கள்.

இப்போது உங்கள் விஷயம். ஃபிக்ஸட் பிரைஸில் உங்கள் செலவு என்ன என்று அரசாங்கம் பெரிதாகக் கேட்காது. காஸ்ட் பிளஸில் அவர்கள் தருவதே உங்கள் செலவைத்தான். அதனால் செலவை நம்பும்படி காட்ட முடியாத கம்பெனிக்கு அந்த வகை ஒப்பந்தமே கொடுக்கக் கூடாது என்பது விதி. எஸ்.எஃப். 1408 என்பது ஆடிட்டர் டிக் அடிக்கும் தாள். அதில் கேட்பதையெல்லாம் டேலிக்காரிக்குப் புரியும் பாஷையில் சொல்கிறேன்.

நேரடிச் செலவு தனி, மறைமுகச் செலவு தனி. ஒரு ஒப்பந்தத்துக்காகவே ஆவது நேரடி, எல்லா வேலைக்கும் பொதுவாக ஆவது மறைமுகம். நேரடிச் செலவு ஒவ்வொன்றும் எந்த ஒப்பந்தத்தைச் சேர்ந்தது என்று தெரிய வேண்டும். டேலியில் காஸ்ட் சென்டர் போட்டிருப்பீர்களே, அதே புத்திதான். குவிக்புக்ஸில் புராஜெக்ட், கிளாஸ் என்று இருக்கும். எல்லாம் பொது லெட்ஜரோடு ஒத்துப்போக வேண்டும், பக்கத்தில் தனியாக ஒரு எக்ஸெல் ஓடக் கூடாது. மாதத்துக்கு ஒரு தடவையாவது புத்தகத்தை முடித்து, இந்த ஒப்பந்தத்துக்கு இதுவரை இவ்வளவு என்று சொல்லத் தெரிய வேண்டும். பணம் கைமாறும்போது மட்டும் எழுதும் ரொக்க அடிப்படையில் இருந்தால், செலவு ஆனபோதே எழுதும் அக்ரூவலுக்கு மாற்றுங்கள். உங்கள் ஊர் சி.பி.ஏ., அதாவது இங்கத்து ஆடிட்டர், வரிக்கு ரொக்க முறையே போதும் என்பார். வரிக்குப் போதும், இதற்குப் போதாது.

கேள்வி:

நன்றி அக்கா. டைம்ஷீட் என்கிறீர்களே, அதில் என்ன இருக்கிறது? எல்லோரும் வெள்ளிக்கிழமை மொத்தமாக எழுதிக் கொடுக்கிறார்கள், நான் ஏற்றிவிடுகிறேன்.

பதில்:

அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். ஆராய்ச்சிக் கம்பெனியில் பெரிய செலவு சம்பளம். சாமான் வாங்கினால் கடைக்காரன் பில் கொடுப்பான், சம்பளத்துக்கு வெளியிலிருந்து எந்தச் சீட்டும் வராது. வேலை செய்தவர் கைப்பட எழுதியதுதான் ஒரே அத்தாட்சி. அதனால் அன்றன்றைக்கு, அவரவரே, மணிக் கணக்கில், வேலைக் குறியீட்டோடு எழுத வேண்டும். மேலே உள்ளவர் ஒப்புதல் தர வேண்டும். திருத்தினால் பழைய எண் தெரியும்படி, யார் ஏன் திருத்தினார் என்ற குறிப்போடு திருத்த வேண்டும். நீங்கள் ஏற்றுவது கூடவே கூடாது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கம்பெனியில் ஒரு புதன்கிழமை காலை, முன்னறிவிப்பு இல்லாமல் இரண்டு ஆடிட்டர்கள் வந்தார்கள். ஃப்ளோர் செக் என்பார்கள். ஒரு இன்ஜினியரின் மேஜைக்குப் போய், இப்போது என்ன வேலை செய்கிறீர்கள், எந்தக் குறியீட்டில் எழுதுவீர்கள், திரையைக் காட்டுங்கள் என்றார்கள். மனுஷன் நல்லவர், வெள்ளிக்கிழமை லீவு போடுவதால் மறந்துவிடக் கூடாது என்று வியாழக்கிழமை 8 மணி நேரத்தைப் புதன் காலையிலேயே நிரப்பி வைத்திருந்தார். வேலை நடக்கவே இல்லை, நேரம் ஏறிவிட்டது. அந்த ஒரு கட்டத்துக்காக நாங்கள் 2 மாதம் கடிதம் எழுதினோம்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். மாதச் சம்பளக்காரர் வாரம் 50 மணி நேரம் வேலை செய்தால் 50-ஐயும் எழுத வேண்டும், 40 மட்டும் எழுதிவிட்டு நிறுத்தக் கூடாது. ஏன் என்று கணக்காகவே பாருங்கள். வாரச் சம்பளம் 2,000 டாலர். அவர் ஒப்பந்த வேலையில் 30 மணி நேரம், அடுத்த ஒப்பந்தத்துக்கு புரொபோசல் எழுதுவதில் 20 மணி நேரம். 40-ஆல் வகுத்தால் மணிக்கு 50 டாலர், ஒப்பந்தத்தின் தலையில் 1,500 டாலர் விழும். 50-ஆல் வகுத்தால் மணிக்கு 40, ஒப்பந்தத்துக்கு 1,200 தான். நடுவில் நிற்கும் 300 டாலர் அரசாங்கம் கொடுக்க வேண்டிய பணமே இல்லை. "ராத்திரி சொந்த நேரத்தில்தானே புரொபோசல் எழுதினேன்" என்று உங்கள் கணவர் சொல்வார். எல்லா ஓனரும் சொல்வார்கள். அவர் டைம்ஷீட்டும் மற்றவர்கள் டைம்ஷீட் மாதிரியேதான் இருக்க வேண்டும். வீட்டில் சண்டை வரும், எங்கள் வீட்டிலும் வந்தது.

மாதக் கடைசியில் டைம்ஷீட்டிலிருந்து வரும் சம்பளப் பங்கீட்டின் மொத்தமும், பே ரோல் மொத்தமும், லெட்ஜர் மொத்தமும் ஒத்துப்போகிறதா என்று ஒட்டிப் பாருங்கள். ஆடிட்டர் ஒரு இன்வாய்ஸை எடுத்து ஒருவருடைய ஒரு நாள் டைம்ஷீட் வரை பின்னோக்கி நடப்பார். வழியில் எங்கேயும் அறுந்துபோகக் கூடாது.

கேள்வி:

புரிகிறது அக்கா, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. மறைமுகச் செலவு ரேட் என்று கேட்கிறார்களே? அப்புறம் எந்தச் செலவு போடலாம், போடக் கூடாது?

பதில்:

ரேட் ஒன்றும் பூதம் இல்லை, மறைமுகச் செலவை ஒப்பந்தங்களுக்குப் பங்கு போடும் சதவீதம்தான். சின்ன கம்பெனிக்கு மூன்று கூடை: ஊழியர் சலுகைகள், ஓவர்ஹெட், பொது நிர்வாகம். ஒரு உதாரணத்துக்கு சலுகை சம்பளத்தில் 25 சதவீதம், ஓவர்ஹெட் நேரடிச் சம்பளத்தில் 40 சதவீதம், பொது நிர்வாகம் அதுவரை சேர்ந்த மொத்தத்தில் 20 சதவீதம் என்று வையுங்கள். மணிக்கு 50 டாலர் சம்பளம். 12.50 சலுகை, 20 ஓவர்ஹெட், சேர்த்தால் 82.50. அதில் 20 சதவீதம் 16.50. மொத்தம் 99 டாலர். ஃபீ இதற்கு மேல். புதிதாக வருபவர்கள் 50-ஐக் கொஞ்சம் ஏற்றி 70 என்று கேட்டுவிட்டு, வருடக் கடைசியில் கையைப் பிசைகிறார்கள். வருடத் தொடக்கத்தில் மதிப்பிட்ட ரேட்டில் பில் போடுவீர்கள், முடிவில் உண்மையான ரேட்டோடு ஒப்பிட்டு நேர்செய்வீர்கள்.

ஏற்கப்படும் செலவு எது என்பது எஃப்.ஏ.ஆர். என்ற அரசாங்கக் கொள்முதல் விதித் தொகுப்பின் 31-ஆம் பகுதியில் இருக்கிறது. தூக்கம் வராதபோது படிக்கலாம். மது, கேளிக்கை, அபராதம், நன்கொடை, வாராக்கடன், கடன் வட்டி எதையும் அரசாங்கத்திடம் கேட்க முடியாது. நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் வட்டி. கிரெடிட் கார்டிலும் வங்கிக் கடனிலும் கம்பெனி ஓட்டி, அந்த வட்டியை ஓவர்ஹெட்டில் போட்டுவிடுவார்கள். கோயிலுக்கு கம்பெனி பேரில் கொடுத்ததும் நன்கொடைதான். வரிக்குக் கழிவு கிடைக்கிறதே என்றால், அது வேறு சட்டம், இது வேறு சட்டம்.

இதற்காகச் செலவே செய்யாதீர்கள் என்று அர்த்தம் இல்லை. செய்யுங்கள், ஆனால் தனித் தலைப்பில் எழுதுங்கள். வெளியூர்ப் பயணத்தில் சாப்பிட்ட ரசீது 61 டாலர், அதில் பியர் 14 என்றால் 14-ஐ அன்றைக்கே பிரித்து அந்தத் தலைப்பில் போட்டுவிடுங்கள். பியருக்கான வரியும் டிப்ஸும் அதோடு போக வேண்டும். ஆறு மாதம் கழித்துப் பிரிக்க உட்கார்ந்தால் ரசீதில் மையே இருக்காது. பயணத்தில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ஜி.எஸ்.ஏ. என்ற அரசாங்க அமைப்பு ஊர்வாரியாக உச்சவரம்பு வைத்திருக்கிறது, டிக்கெட் எடுக்கும்போதே அதைப் பாருங்கள்.

உங்கள் வீட்டு கராஜில் லேப் இருக்கிறதா? இருந்தால் கம்பெனியிடம் சந்தை வாடகை வாங்கி அதைச் செலவாகக் காட்ட முடியாது. கம்பெனியும் இடமும் ஒரே ஆள் கையில் இருந்தால், அந்த இடத்தை வைத்திருக்க உண்மையில் ஆகும் செலவு வரைதான் ஏற்பார்கள்.

கேள்வி:

கராஜில்தான் இருக்கிறது அக்கா! எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஒப்பந்தம் கிடைத்த பிறகு என்ன கவனிக்க வேண்டும்?

பதில்:

எல்லோரும் கராஜில்தான் தொடங்குகிறார்கள்.

இரண்டு தேதிகளைக் காலண்டரில் எழுதுங்கள். ஒன்று, நிதியாண்டு முடிந்து 6 மாதத்துக்குள் அந்த வருடத்தின் முழுச் செலவுக் கணக்கை அனுப்ப வேண்டும். காலண்டர் வருடம் என்றால் ஜூன் 30. இரண்டாவதுக்கு நிலையான தேதி இல்லை, மாதாமாதம் பார்க்க வேண்டியது. முழு நிதியும் ஒதுக்கிய ஒப்பந்தமாக இருந்தால், அடுத்த 60 நாளில் ஆகப்போகும் செலவையும் சேர்த்து மதிப்பீட்டில் 75 சதவீதத்தைத் தாண்டும் என்று தெரிந்தவுடன் ஒப்பந்த அதிகாரிக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாமல் தொகையைத் தாண்டிவிட்டால், தாண்டிய பணம் உங்கள் பாக்கெட்டிலிருந்துதான். மாதாமாதம் புத்தகத்தை முடிக்கச் சொன்னது இதற்கும்தான்.

கடைசிப் பணம் வந்ததும் கோப்பைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பொதுவாக அதற்குப் பிறகு 3 வருடம் வைத்திருக்க வேண்டும்.

இந்த வாரமே ஒரு சின்ன பாலிசி எழுதுங்கள்: டைம்ஷீட்டை யார் எப்போது எழுதுவது, எந்தச் செலவு நேரடி, எது மறைமுகம், ஏற்கப்படாததை எங்கே போடுவது. நாலைந்து பக்கம் போதும். வாங்கின டெம்ப்ளேட்டில் கம்பெனி பெயரை மட்டும் மாற்றி வைக்காதீர்கள். நீங்கள் செய்யாத ஒன்று அதில் எழுதியிருந்தால் ஆடிட்டர் அதைத்தான் முதலில் கேட்பார். எழுதி முடித்ததும் பெயர், தொகை எல்லாம் மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், சனிக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன்.