அயனி உந்தியின் ஆன்டெனாவும் கணபதிப் பட்டறையும்

கோவை பீளமேட்டிலிருந்து: சிறு செயற்கைக்கோளுக்கான அயனி உந்தியின் ஆன்டெனாவைக் கணினியில் மாதிரியாக்குவது என் முதுகலைத் திட்டப்பணி. ஆன்டெனா என்றதும் மொட்டைமாடிக் கம்பியை நினைக்க வேண்டாம். குவார்ட்ஸ் குடுவையைச் சுற்றி வளைத்த ஐந்து சுற்றுச் செப்புக்குழாய், அவ்வளவுதான். அதில் 13.56 மெகாஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஓடும்போது உள்ளே தூண்டப்படும் மின்புலம் எலக்ட்ரான்களை முடுக்க, அவை வாயு அணுக்களில் மோதி அயனிகளை உண்டாக்குகின்றன. அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த இந்த வாயுதான் பிளாஸ்மா; அதிலுள்ள அயனிகளை வேகமாக வெளியே தள்ளுவதில்தான் உந்துவிசை கிடைக்கிறது. 2001இல் தாழ்ந்த பாதையில் சிக்கிய ஐரோப்பாவின் ஆர்ட்டெமிஸ் செயற்கைக்கோளைப் புவிநிலைப் பாதைக்கு ஏற்றியதில் இவ்வகை உந்திக்கும் பங்குண்டு.

பக்கத்துக் கணபதிப் பகுதியில் மோட்டார் காயில் கட்டும் ஒரு பெரியவரிடம் குழாயை வளைக்கக் கொடுத்தேன். பொடிமணல் நிரப்பி, இடைவெளி பிசகாமல் உருளையில் மெல்லச் சுற்றிக் கொடுத்தவர், "டிரான்ஸ்பார்மர் மாதிரித்தானுங்க இருக்குது, செகண்டரி எங்கீங்க?" என்று கேட்டார். பிளாஸ்மாவே ஒற்றைச் சுற்றுச் செகண்டரி (இரண்டாம் சுருள்) என்பதுதான் நான் பக்கம் பக்கமாக எழுதிய சமன்பாடுகளின் சாரம்.

என் பிழை வேறிடத்தில் இருந்தது. அரை மில்லிமீட்டர் சுவர் கொண்ட 3 மி.மீ. குழாயில், செம்பு முழுவதிலும் மின்னோட்டம் பாயும் என்று காயிலின் மின்தடையைக் கணக்கிட்டிருந்தேன். திறன் அநேகமாக முழுவதும் பிளாஸ்மாவுக்கே போகும் என்றது மாதிரி. சோதனையிலோ காயில் தொட முடியாமல் சுட்டது. இந்த அதிர்வெண்ணில் செம்பின் மேற்புறத்தில் சுமார் 18 மைக்ரோமீட்டர் ஆழத்திலேயே மின்னோட்டம் ஒதுங்கிவிடுவதால், உண்மையான மின்தடை என் கணக்கைப்போல் இருபது மடங்குக்கும் மேல். வாயு விடாமல் ஒரு முறையும், பிளாஸ்மா பற்றிய பின் ஒரு முறையும் அளந்து, கூடிய மின்தடையை மட்டும் பிளாஸ்மாவின் பங்காகப் பிரித்த பிறகே மாதிரி வழிக்கு வந்தது. இவ்வகை உந்திகளில் வழக்கமான செனான் வாயுவின் விலை கட்டுப்படியாகாததால் ஆர்கானில்தான் எல்லாம் செய்தோம்; செனானுக்கு 12.13 எலக்ட்ரான்வோல்ட் போதுமான அயனியாக்கத்துக்கு ஆர்கான் 15.76 கேட்கும் என்பதையும் சேர்த்தே முடிவுகளைப் படிக்க வேண்டியிருந்தது.

ஈரோட்டிலிருந்து, இதே வேலையில் இருக்கும் இன்னொரு குழுவின் பதில்: எங்களுக்கு அடி விழுந்தது அடுத்த படியில். மேசைமேல் ஒழுங்காக இசைந்திருந்த காயிலைச் செயற்கைக்கோளின் 10 செ.மீ. அலுமினியச் சட்டகத்துக்குள் வைத்ததும், அனுப்பிய திறனில் பெரும்பகுதி திரும்பி வந்தது. சட்டகச் சுவரில் சுழலும் எதிர் மின்னோட்டம் காயிலின் தூண்டல்திறனைக் குறைத்துவிடுகிறது. எங்கள் மாதிரியிலோ சுற்றிலும் வெட்டவெளி. நீங்களும் பிளாஸ்மாவைப் பற்றவைக்காமலே, அனலைசரில் (அதிர்வெண்ணுக்கேற்ப காயிலின் நடத்தையை வரைந்துகாட்டும் கருவி) காயிலை இணைத்து அருகில் ஓர் அலுமினியத் தகட்டைக் கொண்டுசென்று பாருங்கள், ஒத்ததிர்வுக் கோடு நகர்வது கண்முன்னே தெரியும்.