பலாவும் நாவலும் தாங்குமா? இருவர் வசிக்க மரவீடு: திட்டத்தைச் சரிபார்க்க உதவி தேவை

சரிவுக்காடு (கேள்வி)

வணக்கம். கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் காப்பித் தோட்டத்தில் ஒரு மரவீடு கட்ட நானும் வீட்டுக்காரரும் திட்டமிடுகிறோம். இப்போதைக்கு வார இறுதிக்கு, ஏழெட்டு வருடம் கழித்து நிரந்தரமாக. இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது.

இடத்தில் இருப்பவை: பலா ஒன்று (நெஞ்சுயரத்தில் சுற்றளவு 70 அங்குலம்), நாவல் ஒன்று (63 அங்குலம்). இரண்டுக்கும் இடையே 11 அடி. சரிவுக்குக் குறுக்காக, ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கின்றன. கீழ்ப்பக்கம் ஒரு சில்வர் ஓக் (38 அங்குலம்), அதில் மிளகுக்கொடி. 25 அடி தூரத்துக்கு 8 அடி இறங்குகிற சரிவு.

வேண்டியது: 10க்கு 12 அறை, 4க்கு 12 திண்ணை. அவருக்கு 15 அடி உயரமாவது வேண்டும், மூன்று மரத்திலும் கட்ட வேண்டும். எனக்குக் கழிப்பறை அதே மட்டத்தில் இருக்க வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கு ஏணி இறங்க முடியாது. சமையல் மூலையும் மேலேயே என்று பேச்சு. இதில் எது நடக்கும், எது நடக்காது?

---

வேர்முதல்

மரத்திலிருந்து தொடங்குகிறேன். சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் பலா 22 அங்குல விட்டம், நாவல் 20. இரண்டும் உறுதியான மரங்கள், அளவும் போதும். சில்வர் ஓக் 12 அங்குலம். அதை விட்டுவிடுங்கள். வேகமாக வளர்கிற, காற்றில் முறிகிற மரம். நிழலுக்காக வருடாவருடம் கவாத்து செய்த மரமென்றால் வெட்டுக்காயங்கள் வழியாக உள்ளே உளுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. மிளகுக்கே இருக்கட்டும்.

அளவு போதும் என்பதால் மரம் நல்லது என்றாகிவிடாது. ஒரு மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றி ஒவ்வொரு அரை அடிக்கும் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் பறை மாதிரி ஒலித்தால் பொந்து. தூரிலோ தண்டிலோ அலமாரித் தட்டு போல காளான் நீட்டிக்கொண்டிருந்தால் அந்த மரத்தில் ஆணியே அடிக்க வேண்டாம். கவட்டையில் இரண்டு கிளைக்கும் நடுவே பட்டை உள்நோக்கி மடிந்திருந்தால் அது பின்னாளில் பிளக்கும் இடம். பலாவுக்குத் தூரில் நீர் தேங்கினால் வேர் அழுகும், அதனால் மேல்சரிவிலிருந்து வரும் மழைநீரை இப்போதே வாய்க்கால் வெட்டித் திருப்புங்கள்.

மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அடைத்துக்கொள்கிறது. கெட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிட்டு வெளிப்பக்கம் புதிதாக வளரும். அமெரிக்க மரநோயியலாளர் அலெக்ஸ் ஷிகோ விளக்கிச் சொன்ன விஷயம் இது. ஆகவே நூறு ஆணியைவிட ஒரு தடித்த போல்ட் மரத்துக்கு நல்லது. போல்ட்டுகளை நெருக்கி அடித்தால் அடைப்புச் சுவர்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நடுவில் உள்ளது முழுக்கச் சாகும். ஒரே செங்குத்துக் கோட்டில் ஒன்றரை அடிக்குக் குறைந்த இடைவெளியில் இரண்டு துளை போடாதீர்கள். கயிறு, சங்கிலி, இரும்புப் பட்டை என்று சுற்றிக் கட்டவே கூடாது. உணவு இறங்குவது பட்டைக்கு உட்புறத்தில்தான். சில வருடத்தில் மரம் தடித்து, கட்டு அதன் கழுத்தை நெரித்துவிடும். மரத்துக்கு வலிக்காது என்று நம்பிப் பலர் செய்வது இதைத்தான்.

இன்னொன்று. பலா அடிமரத்திலேயே காய்க்கும். கூரைக்கு மேலே வரும் கிளைகளில் பிஞ்சிலேயே அறுத்துவிடுங்கள். பழுத்த வாசத்துக்கு யானை வரும் என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

---

உளிச்சத்தம்

பாரக் கணக்கு. மொத்தத் தளம் 14க்கு 12, அதாவது 168 சதுர அடி, 15.6 சதுர மீட்டர். கட்டிடப் பாரங்களுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 875இன் இரண்டாம் பகுதி, குடியிருப்பு அறைக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ, பால்கனிக்கு 300 கிலோ எடுக்கச் சொல்கிறது. அறைக்கு 2,230, திண்ணைக்கு 1,340. வீட்டின் சொந்த எடை, பலகைச் சுவரும் தகரக் கூரையும் என்றால், 2 டன் வைத்துக்கொள்ளுங்கள். ஆக ஐந்தரை டன்.

இதை இரண்டு மரத்திலேயே தொங்கவிடாமல், கீழ்ச்சரிவுப் பக்கம் இரண்டு தூண் போட்டால் நான்கு தாங்கிகள். ஒவ்வொன்றுக்கும் 1.4 டன். பாரம் சமமாக உட்காராது, 2 டன்னுக்கு வடிவமையுங்கள்.

மரத்துக்கான போல்ட் கடையில் எடுக்கும் சாதாரண போல்ட் அல்ல. அமெரிக்காவில் ஓரிகனில் மைக்கேல் கார்னியர் என்ற மரவீட்டுக்காரர் பழக்கத்துக்குக் கொண்டுவந்த வகை: தடித்த தண்டு, நடுவில் அதைவிடப் பருத்த ஒரு கழுத்துப்பட்டை. இங்கே லேத் பட்டறையில் இஎன்19 என்ற உறுதியான எஃகு உருட்டுக் கம்பியில் கடையச் சொல்லலாம். தண்டு 32 மிமீ, கழுத்து 75 மிமீ. அந்தக் கழுத்து பட்டையைத் தாண்டி மரத்துக்குள் ஒன்றரை அங்குலம் புதைய வேண்டும். பாரம் ஏறும்போது முதலில் நசுங்குவது துளையின் வாய். அங்கே அகலமாகத் தாங்கத்தான் கழுத்து. 75 மிமீ குழியை முதலில் எடுத்து, அதே மையத்தில் தண்டுத் துளை. மையம் விலகினால் கழுத்து ஒரு பக்கம் லூசாகி, தண்டு வளையத் தொடங்கும். போல்ட்டுக்கு ஹாட் டிப் கால்வனைசிங் (உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுப்பது) கட்டாயம். மேல்பூச்சாக வரும் ஜிங்க் முலாம் இரண்டு மழைக்காலம்கூடத் தாங்காது.

மரங்களுக்கு இடையேயான உத்தரம்: 3க்கு 9 அங்குலச் சட்டம் இரண்டைச் சேர்த்து போல்ட் செய்தது, 14 அடி நீளம், இரு பக்கமும் ஒன்றரை அடி வெளியே நீட்டிக்கொண்டு. வேங்கை அல்லது கருமருது. 11 அடி இடைவெளியில் முழுப் பாரத்துக்கு நடுவே 9 மிமீ தொய்யும், அது இடைவெளியில் 360ல் ஒரு பங்கு, சரி. கனமான சட்டம் கிடைக்காவிட்டால் 150 மிமீ சி சேனல் (சி வடிவ இரும்புச் சட்டம்) இரண்டு, தொய்வு பாதிக்கும் குறைவு.

அதன்மேல் குறுக்குச் சட்டங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்று. 10 அடி இடைவெளிக்கு 2க்கு 6 கணக்கில் தேறிவிடும். ஆனாலும் 2க்கு 7 போடுங்கள், நடுவில் ஒரு வரிசை முட்டுக்கட்டையும் கொடுங்கள். இருவர் தூங்கும் தளம் இது. 2க்கு 6ல் ஒருவர் எழுந்து நடந்தால் மற்றவர் கட்டிலோடு ஆடுவார்.

இனி முக்கியமான விஷயம், அசைவு. இரண்டு மரமும் தனித்தனியாக ஆடும், தூண் ஆடாது. எல்லாவற்றையும் இறுக்கிப் பூட்டினால் காற்று போல்ட்டையோ சட்டத்தையோ பிய்த்துவிடும். ஒரே ஒரு இடம்தான் நிலையானது: பலா. நாவலில் உத்தரம் ஒரு நீள் துளைத் தாங்கியில் உட்காரட்டும், முன்பின்னாக மொத்தம் 6 அங்குலம் நகரலாம், பக்கவாட்டில் நகரக் கூடாது, மேலே எழும்பவும் கூடாது. தூண்களுக்கு மேலும் கீழும் பின் மூட்டு, அதாவது கீல் மாதிரி திரும்பும் இணைப்பு. தூண் 4 அங்குல ஜிஐ பைப், தடித்த சுவர் கொண்ட சி கிளாஸ்.

---

காற்றாடி

உளிச்சத்தம் அண்ணன் சொன்னதில் ஒரே மாற்றுக் கருத்து, அதையும் காற்றுக் கணக்கிலிருந்து சொல்கிறேன். மதுரைக்கும் கோவைக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர் என்று ஐஎஸ் 875 மூன்றாம் பகுதியில் இருக்கிறது. வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 912 நியூட்டன், சுமார் 93 கிலோ. மலைச்சரிவுக்கு வேகத்தைப் பெருக்கும் கூடுதல் காரணி உண்டு, 1.36 வரை போகும். 1.2 என்றே எடுத்தாலும், அதுவும் வர்க்கமாவதால், 134 கிலோ ஆகிறது. 12க்கு 8 அடிச் சுவர் ஒன்றின் மேல் 1,190 கிலோ பக்கவாட்டுத் தள்ளல்! தூண் இரண்டும் பின் மூட்டு என்றால் இது முழுக்க மரத்துக்குப் போகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் திண்டுக்கல் வழியாக அந்த மலையை ஏறிப்போனதை மறக்க வேண்டாம்.

என் கருத்து: நான்கு தூண் போட்டு, குறுக்குக் கம்பி கொடுத்து, வீட்டைத் தூணிலேயே நிறுத்துங்கள். மரங்கள் தளத்தின் ஊடாகத் தொடாமல் போகட்டும்.

---

உளிச்சத்தம்

நான்கு தூண் பாதுகாப்புதான், மறுக்கவில்லை. ஆனால் மரத்தடியில் இன்னும் இரண்டு குழி. மேல்பக்கத் தூண்கள் இரண்டு மரத்தின் வேர்க்குவியலுக்கு நடுவே வரும், அங்கே கான்கிரீட் போட்டால் காக்க வந்த மரத்தையே பலவீனமாக்குகிறோம். தளம் 7 அடி உயரத்தில் என்றால் 20 அங்குல மரங்கள் 1,190 கிலோவைப் பிரித்து வாங்கும். 15 அடி உயரத்தில் என்றால் உங்கள் பக்கம்தான் நானும். எந்த வழியானாலும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் கையெழுத்துப் போட்ட வரைபடம் இல்லாமல் போல்ட் கடையக் கொடுக்க வேண்டாம்.

---

குழாய்க்காரன்

உயரச் சண்டைக்கும் கழிப்பறைச் சண்டைக்கும் விடை அந்தச் சரிவிலேயே இருக்கிறது. 12 அடி ஆழத் தளத்துக்கு அடியில் நிலம் கிட்டத்தட்ட 4 அடி இறங்குகிறது. கீழ்ப்பக்கத் தூணை 10 அடி வையுங்கள். உட்கார்ந்து பார்த்தால் பள்ளத்தாக்கு 10 அடிக்குக் கீழே, அவருக்கு வேண்டிய உயரம் கண்ணுக்குக் கிடைத்துவிடும். மேல்பக்க விளிம்பு நிலத்திலிருந்து 6 அடிதான். அங்கிருந்து மேல்சரிவுக்கு 12 அடி நடைபாலம் போட்டால் நிலம் இன்னும் 4 அடி ஏறிவிடும். மிச்சம் 2 அடி, நான்கே படி. கழிப்பறையைப் பாலத்தின் மறுமுனையில் தரையில் கட்டுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டு நடந்தால் போதும், எழுபது வயதிலும்.

பாலம் தரைப்பக்கம் நிலையாகவும் வீட்டுப்பக்கம் சறுக்கும்படியும் இருக்க வேண்டும். கைப்பிடி மூன்றரை அடி உயரம், கம்பிகளுக்கு நடுவே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம்.

கழிப்பறையை மேலே கொண்டுபோனால் என்ன ஆகும்? 4 அங்குல வடிகால் குழாய்க்குச் சீரான சரிவு வேண்டும், தளமோ ஆடுகிறது. சால்வென்ட் ஒட்டிய மூட்டு விரிசல் விடும், அது உங்களுக்கு வாசத்தில்தான் தெரியவரும். டைல்ஸும் சிமென்ட் படுக்கையும் சதுர மீட்டருக்கு 100 கிலோவைத் தாண்டும், தளம் ஆட ஆட வெடிக்கும். மேலே ஒரு சின்ன வாஷ்பேசின் மட்டும் போதும்: உள்ளே வர அரை அங்குல நெளிகுழாய், வெளியேற ஒன்றேகால் அங்குல நெளிகுழாய், இரண்டிலும் ஒன்றரை அடி தொய்வு விட்டு. 500 லிட்டர் தொட்டி என்பது 500 கிலோ, அதை மேல்சரிவில் தரையில் வையுங்கள். தானாகவே அழுத்தம் கிடைக்கும். மலக்குழியை மரங்களிலிருந்து 20 அடியாவது தள்ளி எடுங்கள், ஈரத்துக்கு வேர் தேடி வரும்.

சமையல்: கெட்டில், இண்டக்‌ஷன் மேலே சரி. சிலிண்டர் வேண்டாம். எடையால் அல்ல, கசிந்த வாயு காற்றைவிடக் கனமானது, தளத்தில் தேங்கி நிற்கும், சுற்றி எல்லாம் பலகை. தாளிப்பு, வறுவல் எல்லாம் கழிப்பறையை ஒட்டி ஒரு தரைச் சமையலறையில்.

மின்சாரம் மண்ணுக்கடியில் ஆர்மர்டு (இரும்புக் கவசமுள்ள) கேபிளாகத் தூண் வரை, அங்கிருந்து நெளி கான்ட்யூட்டில் ஒரு வளையம் விட்டு மேலே. மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். இடி மின்னல் நேரத்தில் இருவரும் தரைக்கட்டிடத்துக்கு வந்துவிடுங்கள். அதற்காகவே அந்தச் சமையலறையில் ஒரு பெஞ்சு போட இடம் விடுங்கள்.

---

பட்டாசிட்டா

மரத்தில் இருப்பதால் கட்டிடம் இல்லை என்று ஆகாது. உங்கள் வருவாய்க் கிராமம் மலைத்தளப் பாதுகாப்பு ஆணையத்தின், அதாவது ஹாக்காவின், பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பட்டியலில் இருந்தால் அனுமதிப் பாதையே வேறு. பாலத்துக்காக ஒரு மரத்தை வெட்ட நினைத்தால், உங்கள் நிலமே ஆனாலும் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். வரைபடம் போடும் முன்பே இதைக் கேளுங்கள், பின்பு அல்ல.

---

சரிவுக்காடு

எல்லாருக்கும் நன்றி. 10 அடிக்கும் பாலத்துக்கும் இருவரும் ஒப்புக்கொண்டாயிற்று. கடைசியாக ஒரு கேள்வி: பலாவின் அடிமரம் அறைக்கு உள்ளே வந்து கூரை வழியே போகும்படி அவர் கேட்கிறார். செய்யலாமா?

---

வேர்முதல்

அழகுதான். ஆனால் ஒழுகும். மழை நாளில் அடிமரத்தின் வழியே தண்ணீர் ஓடையாக இறங்கும், அது நேரே உங்கள் அறைக்குள். முசுறு எறும்புக்கும் அதுவே ராஜபாட்டை. மரத்தைத் திண்ணையின் மேல்பக்க மூலையில் வரவிடுங்கள், அங்கே தளத்தை வெட்டி விடலாம். சுற்றிலும் 3 அங்குல இடைவெளி இருக்கட்டும். வருடம் அரை அங்குலம் விட்டம் கூடினால் பத்து வருடத்தில் பக்கத்துக்கு இரண்டரை அங்குலம் போய்விடும், ஆட்டத்துக்கு மிச்சம் அரை அங்குலமே. அதனால் ஓரப் பலகைகளை ஆணியடிக்காமல் ஸ்க்ரூவில் போடுங்கள், கழற்றிச் செதுக்க வசதியாக.

---

உளிச்சத்தம்

ஜனவரியில் தொடங்கினால் அக்டோபர் மழைக்கு முன் கூரை போட்டுவிடலாம். தூண் குழியைக் கடப்பாரையால் தோண்டுங்கள், ஜேசிபி வேண்டாம். 2 அங்குலத்துக்கு மேல் வேர் தட்டுப்பட்டால் குழியை ஓர் அடி நகர்த்துங்கள். நாவல் பக்கத்து நீள் துளையில் போல்ட் நிற்கும் இடத்தைப் பெயின்ட்டால் கோடு போட்டு வையுங்கள். முதல் வடகிழக்குப் பருவம் முடிந்ததும் தேய்ந்த தடம் எவ்வளவு நீளம் என்று அளந்து பாருங்கள். முனையைத் தொட்டிருந்தால் தாங்கியைக் கழற்றித் துளையை நீட்ட வேண்டும்.