பட வேலை, அட்டை வடிவமைப்பு: குறைந்த பட்ஜெட்டில் எந்த மானிட்டர்?

(மன்ற உரையாடல். அச்சுக்கூடம், நிறமானி, பழைய திரை ஆகியவை பதில் எழுதியவர்களின் புனைபெயர்கள்.)

கேட்டவர்:

வணக்கம். புகைப்படத் திருத்தம், புத்தக அட்டை வடிவமைப்பு இரண்டும் செய்கிறேன். இப்போது இருப்பது லேப்டாப் திரை மட்டும். அதன் விவரக்குறிப்பில் நிற வரம்பு "45% என்டிஎஸ்சி" என்று போட்டிருக்கிறது. இரண்டு தொல்லைகள். சிவப்பும் ஆரஞ்சும் திரையில் செத்துப்போய்த் தெரிகின்றன. மற்றவர் திரையில் அதே படம் கண்ணைப் பறிக்கிறது. அச்சுக்குப் போனால் எல்லாமே இருட்டாக வருகிறது.

கைக்கு எட்டும் விலையில் மூன்று கிடைக்கின்றன:

அ) 27 அங்குல 4கே, ஐபிஎஸ் வகைப் பேனல். "125% எஸ்ஆர்ஜிபி, எச்டிஆர்" என்று பெட்டியில் பெரிய எழுத்து (எஸ்ஆர்ஜிபி என்பது இணையத்தில் பொதுவாகப் பயன்படும் நிறவெளி, அதாவது நிறங்களின் வரம்பு).
ஆ) 24.1 அங்குலம், 1920×1200, ஐபிஎஸ், "100% எஸ்ஆர்ஜிபி, டெல்டா ஈ 2-க்குக் கீழ்" (டெல்டா ஈ என்பது நிறப் பிழையின் அளவு).
இ) 32 அங்குல வளைந்த திரை, விஏ வகைப் பேனல், கான்ட்ராஸ்ட் 3000:1.

எஸ்ஆர்ஜிபியைவிட அகன்ற அடோபி ஆர்ஜிபி நிறவெளியை முழுதாகக் காட்டும் மானிட்டர் வாங்க வசதி இல்லை. 10 பிட் நிற ஆழம் கட்டாயமா? திரையின் நிறத்தை அளக்கும் கருவியான கலரிமீட்டர் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

அச்சுக்கூடம்:

மானிட்டர் பேச்சை ஒரு நிமிடம் தள்ளி வைப்போம். அச்சு இருட்டாக வருவதற்குப் பெரும்பாலும் நிறம் காரணமில்லை, வெளிச்சம்தான். கடையில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதால் மானிட்டர்கள் 250, 300 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவில் வெளியே வருகின்றன. அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து படத்தைத் திருத்தினால், கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று கை தானாகப் படத்தை இருட்டாக்கும். காகிதத்துக்குச் சொந்த ஒளி கிடையாது, அறை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதோடு சரி.

இன்றே செய்து பார்க்கலாம். ஒரு வெள்ளைத் தாளைத் திரையின் பக்கத்தில் பிடியுங்கள். அறை விளக்கு தாளின் மேல் விழ வேண்டும், திரையின் மேல் நேராக விழக்கூடாது. வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரையில் திறந்து, இரண்டு வெள்ளையும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள். சாதாரண அறையில் அது 80 முதல் 120 நிட்டுக்குள் வந்து நிற்கும். முதலில் மங்கலாகத் தோன்றும், கால் மணி நேரத்தில் கண் பழகிவிடும். பழைய அட்டைக் கோப்பு ஒன்றை அந்த அளவில் திறந்து பாருங்கள். அச்சில் வந்த அதே இருட்டு திரையிலும் தெரிந்தால், பாதி நோய் அதுதான்.

நிறமானி:

மீதிப் பாதி பேனல். 1953-இல் வந்த என்டிஎஸ்சி தொலைக்காட்சி நிறவெளியை வைத்து இன்னும் விளம்பரம் செய்கிறார்கள். எஸ்ஆர்ஜிபியின் பரப்பு அதில் சுமார் 72 சதவீதம். ஆக 45% என்டிஎஸ்சி என்றால் எஸ்ஆர்ஜிபியில் ஏறக்குறைய 60 முதல் 65 சதவீதம்தான். முதலில் அடிபடுவது சிவப்பு. உங்கள் திரை அடர் சிவப்பைக் காட்டவே முடியாததால், பத்தவில்லை என்று நீங்கள் செறிவை ஏற்றுகிறீர்கள்; நல்ல திரையில் அது எரிகிறது. எந்தக் கலரிமீட்டராலும் இதைச் சரிசெய்ய முடியாது. இல்லாத நிறத்தை அளவீடு கொண்டுவராது.

உங்கள் பட்டியலில் இ-யை அடித்துவிடுங்கள். விஏ பேனலின் கறுப்பு ஆழமாக இருக்கும், படம் பார்க்க அருமை. ஆனால் பார்க்கும் கோணம் சற்று மாறினாலும் அதன் காமா, அதாவது நடு அடர்த்திகள் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகின்றன என்பது, மாறும். நேராக உட்கார்ந்திருந்தாலும் 32 அங்குலத்தின் ஓரத்தைக் கண் சாய்வாகத்தான் பார்க்கிறது. ஒரே சாம்பல் நிறம் நடுவில் ஒரு அடர்த்தியிலும் ஓரத்தில் வேறு அடர்த்தியிலும் தெரியும். நிழல் பகுதியைத் திருத்தும்போது தலையை அசைத்தால் விவரம் வரும், போகும். ஐபிஎஸ்ஸில் கான்ட்ராஸ்ட் 1000:1 அளவுதான். இருட்டறையில் மூலைகள் வெளிறித் தெரியும் குறையும் உண்டு. ஆனாலும் நிறம் அசையாது.

அ-வில் இருக்கும் வலை "125%" என்ற எண். அது பரப்பளவு, எஸ்ஆர்ஜிபியை எவ்வளவு மூடுகிறது என்பதல்ல. பரப்பு 125% இருந்தும் எஸ்ஆர்ஜிபியின் ஒரு மூலை விடுபடலாம். அதைவிட முக்கியம், அகன்ற நிறவெளித் திரையில் நிற மேலாண்மை (படத்தின் நிறத்தைத் திரைக்கு ஏற்ப மாற்றிக் காட்டும் வசதி) இல்லாத எந்த மென்பொருளும் எல்லாவற்றையும் கூடுதல் செறிவில் காட்டும், தோல் நிறம் செங்கல் போலாகும். அதை அடக்க மானிட்டர் மெனுவில் ஒழுங்கான எஸ்ஆர்ஜிபி மோட் வேண்டும். பல மலிவு மாடல்களில் அது இருக்கும், ஆனால் அதில் பிரைட்னஸ் பூட்டப்பட்டிருக்கும். 250 நிட்டில் பூட்டிய எஸ்ஆர்ஜிபி மோட் அச்சு வேலைக்கு உதவாது. வாங்குமுன் பயனர் கையேட்டை இறக்கி, அந்த மோடில் எந்தெந்த அமைப்பு சாம்பலாகிச் செயலற்றுப் போகிறது என்ற அட்டவணையைப் பாருங்கள்.

எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் பெரிய வேறுபாடு காட்டும் வசதி) என்ற வார்த்தைக்கு இந்த விலையில் எந்த மதிப்பும் கொடுக்க வேண்டாம். பகுதி பகுதியாக அணையும் பின்விளக்கு இல்லாத மானிட்டரில் அது பெட்டிக்கான அலங்காரம்.

என் தேர்வு ஆ. மிச்சமாகும் பணத்தில் கலரிமீட்டர். இந்த வகையில் அசுஸ் ப்ரோஆர்ட் பிஏ248கியூவி பலரும் எடுப்பது. 27 அங்குலத்தில் 2560×1440 வேண்டுமென்றால் அதே வரிசையில் பிஏ278கியூவி, அல்லது பென்க்யூ பிடி2700க்யூ. குறிப்பிட்ட மாடல் கிடைக்காவிட்டால் கவலையில்லை: ஐபிஎஸ், எஸ்ஆர்ஜிபி மூடும் அளவு 98 சதவீதத்துக்கு மேல், சிவப்பு, பச்சை, நீலம் (ஆர்ஜிபி) மூன்றையும் தனித்தனியாக மெனுவில் குறைக்கும் வசதி, மூன்றும் இருந்தால் போதும்.

பழைய திரை:

அட்டை வேலைக்கு எஸ்ஆர்ஜிபி போதும் என்பதில் எனக்கு முழு உடன்பாடில்லை. பூச்சுக் காகிதத்தில் அச்சாகும் சயன், சில பச்சை நிறங்கள் எஸ்ஆர்ஜிபிக்கு வெளியே விழும். அவற்றை அந்தத் திரையில் பார்க்கவே முடியாது. பயன்படுத்தப்பட்ட அடோபி ஆர்ஜிபி மானிட்டர் ஒன்றைத் தேடலாமே?

நிறமானி:

சயன் விஷயம் உண்மை. ஆனால் பழைய மானிட்டரில் கவனிக்க வேண்டியது நிறைய. சிசிஎஃப்எல் குழல் விளக்கு வகை என்றால் ஒளி குறைந்து மஞ்சளடித்திருக்கும். வெள்ளையைத் திருத்த நீலத்தை விட்டு மற்ற இரண்டையும் இறக்க வேண்டும், அதோடு மிச்ச வெளிச்சமும் போய்விடும். எல்இடி வகையே ஆனாலும் மெனுவில் ஓடிய மணிக்கணக்கைப் பாருங்கள். முழுத்திரைச் சாம்பல் படம் ஒன்றை வைத்து, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே சாயலா என்று பாருங்கள். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் இளஞ்சிவப்பு என்றால் விட்டுவிடுங்கள். கலரிமீட்டர் நடுப்பகுதியை மட்டும்தான் அளக்கும், இந்தக் குறை அப்படியே தங்கும். அளந்து பார்க்க வழியிருந்தால் பழையது நல்ல பேரம். இல்லையென்றால் புது எஸ்ஆர்ஜிபி திரையே பாதுகாப்பு.

10 பிட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த விலையில் வருவது பெரும்பாலும் 8 பிட் பேனலோடு எஃப்ஆர்சி, அதாவது இரண்டு நிறங்களை மாறிமாறி மினுக்கி நடு நிறத்தைத் தோன்ற வைப்பது. உங்கள் வேலைக்கு நல்ல 8 பிட், 1.67 கோடி நிறங்கள், போதும். 6 பிட் எஃப்ஆர்சியை மட்டும் தவிர்க்கலாம்.

அச்சுக்கூடம்:

சயனுக்கு ஒரு மாற்றுவழி: வடிவமைப்பு மென்பொருளில் சாஃப்ட் ப்ரூஃப் (அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டுவது) போட்டு, அச்சகம் தரும் ஐசிசி ப்ரொஃபைலை (ஒரு கருவியின் நிறத்தன்மையை விவரிக்கும் கோப்பு) தேர்ந்து, நிறவெளிக்கு வெளியே போகும் இடங்களுக்கான எச்சரிக்கையை இயக்குங்கள். அச்சில் பிடிபடாத நிறங்களை அது காட்டிவிடும். திரையில் பிடிபடாத சயனை சிஎம்ஒய்கே (நான்கு அச்சு மைகள்) சதவீத எண்ணை வைத்தே தீர்மானியுங்கள். சயன் 100 என்பதை அச்சிட்ட நிற அட்டையில் பார்த்துக்கொள்வது எந்தத் திரையையும் விட நம்பகமானது.

கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. ஆ-வை எடுத்தாயிற்று, கலரிமீட்டரும் வந்துவிட்டது. எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்ததும் கறுப்பு சாம்பலாக இருக்கிறது, படம் முழுக்க பால் ஊற்றியதுபோல வெளிறிக் கிடக்கிறது. லேப்டாப்பைவிட மோசம்! எஸ்ஆர்ஜிபி மோடில் பிரைட்னஸும் அசையவில்லை. பேனல் பழுதா?

பழைய திரை:

பழுதில்லை. கிராபிக்ஸ் கார்டு உங்கள் மானிட்டரை டிவி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. டிவி சிக்னலில் கறுப்பு 16, வெள்ளை 235. கணினியில் 0, 255. கார்டு 16-ஐக் கறுப்பாக அனுப்ப, மானிட்டர் அதை அடர் சாம்பல் என்று படிக்கிறது. என்விடியா என்றால் கன்ட்ரோல் பேனலில் ரெசல்யூஷன் பக்கத்துக்குப் போய் அவுட்புட் கலர் ஃபார்மட்டை ஆர்ஜிபி, டைனமிக் ரேஞ்சை ஃபுல் என்று மாற்றுங்கள். ஏஎம்டி டிரைவரில் பிக்சல் ஃபார்மட் என்ற இடத்தில் ஃபுல் ஆர்ஜிபி. மானிட்டர் மெனுவிலும் எச்டிஎம்ஐ ரேஞ்ச் இருந்தால் அதையும் ஃபுல் ஆக்குங்கள். கார்டு ஃபுல், மானிட்டர் லிமிடெட் என்று இருந்தால் நேர்மாறாக நிழல் விவரம் எல்லாம் கறுப்பில் மூழ்கும். டிஸ்ப்ளே போர்ட் இருந்தால் அதில் இணையுங்கள், இந்தக் குழப்பம் அதில் அரிது.

நிறமானி:

எஸ்ஆர்ஜிபி மோடை மறந்துவிடலாம். உங்கள் பேனலின் இயல்பான நிறவெளியே எஸ்ஆர்ஜிபிதான். அடக்க வேண்டியது எதுவும் இல்லை. யூசர் மோடுக்குப் போங்கள். பிறகு இந்த வரிசையில்:

1. இரவு ஒளி, தானியங்கி பிரைட்னஸ், டைனமிக் கான்ட்ராஸ்ட், எச்டிஆர் எல்லாவற்றையும் அணையுங்கள். மானிட்டர் தயாரிப்பாளரின் நிற மென்பொருள் ஏதாவது ஓடினால் அதையும்.

2. மானிட்டரை அரை மணி நேரம் ஓட விடுங்கள். குளிர்ந்த பின்விளக்கின் வெளிச்சமும் வெள்ளையும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

3. கான்ட்ராஸ்டைத் தயாரிப்பாளர் வைத்த அளவிலேயே விடுங்கள். ஏற்றினால் வெளிர் பகுதி விவரம் வெட்டுப்படும். காமா 2.2.

4. டிஸ்ப்ளேகேல் என்ற அளவீட்டு மென்பொருள் இலவசம், அது போதும். வெள்ளைப் புள்ளி 6500 கெல்வின், வெளிச்சம் 100 நிட், காமா 2.2. பேனல் திருத்த வகையில் வெள்ளை எல்இடி. இதைத் தவறாகத் தேர்ந்தால் வெள்ளை பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ சாயும், பலரும் கருவியைக் குறை சொல்வது இதனால்தான்.

5. திரையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, கருவி தன் எடையிலேயே திரையோடு ஒட்டிப் படுக்கும்படி தொங்கவிடுங்கள். இடுக்கில் அறை வெளிச்சம் புகுந்தால் கறுப்பு அளவு கெடும்.

6. அளவீடு தொடங்குமுன் வரும் மூன்று பட்டைகளை மானிட்டர் மெனுவின் ஆர்ஜிபி எண்களால் சமப்படுத்துங்கள். 100-லிருந்து இறக்குவது மட்டும், ஒரு நிறமாவது 100-லேயே நிற்கட்டும். வெளிச்சத்தை பிரைட்னஸால் பிடியுங்கள்.

ஆறாவது படியை அவசரத்தில் தாண்டிவிடுவார்கள். தாண்டினால் திருத்தம் முழுவதும் கிராபிக்ஸ் கார்டின் 8 பிட் நிறத் திருத்த அட்டவணையின் தலையில் விழும். 256 படிகளில் பல ஒன்றோடொன்று ஒட்டிப்போகும், வானத்தின் நிறமாற்றத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

ப்ரொஃபைல் வகையில் ஒற்றை வளைவும் மேட்ரிக்ஸும் சேர்ந்ததைத் தேர்ந்தெடுங்கள்; எல்லா மென்பொருளும் அதைப் புரிந்துகொள்ளும். முடிந்ததும் சரிபார்ப்பு ஓட்டுங்கள். சராசரி டெல்டா ஈ 1-ஐ ஒட்டியும், அதிகபட்சம் 3-க்குள்ளும் வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். அதற்குக் கீழே துரத்துவது வீண் வேலை.

கேட்டவர்:

ரேஞ்ச் மாற்றியதும் கறுப்பு கறுப்பானது. சராசரி 0.8, அதிகபட்சம் 2.4. ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். ஏற்றுமதி செய்த படம் எடிட்டரில் ஒரு மாதிரியும் பிரவுசரில் கொஞ்சம் வேறு மாதிரியும் தெரிகிறது. எது சரி?

நிறமானி:

எடிட்டர் சரி. முதலில் இரண்டையும் மூடித் திறங்கள். புது ப்ரொஃபைலைப் பல மென்பொருள்கள் தொடங்கும்போது மட்டுமே படிக்கும். பிறகும் வேறுபாடு இருந்தால் ஏற்றுமதி அமைப்பைப் பாருங்கள். எஸ்ஆர்ஜிபிக்கு மாற்று, ப்ரொஃபைலைப் படத்தோடு சேர் ஆகிய இரண்டும் குறியிடப்பட்டிருக்க வேண்டும். அடோபி ஆர்ஜிபி படத்தை ப்ரொஃபைல் இல்லாமல் வெளியே அனுப்பினால் பிரவுசர் அதை எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டு மங்கலாகக் காட்டும். பயர்பாக்ஸ் என்றால் உள் அமைப்புப் பக்கத்தில் கலர் மேனேஜ்மென்ட் மோட் என்று தேடி, 2 என்று இருப்பதை 1 ஆக்குங்கள். 2-இல் அது ப்ரொஃபைல் ஒட்டிய படங்களை மட்டும் திருத்தும், 1-இல் எல்லாவற்றையும்.

லேப்டாப் திரை பக்கத்திலேயே திறந்திருந்தால் அதில் எதையும் ஒப்பிட வேண்டாம். மென்பொருளின் கருவிப் பெட்டிகளை அங்கே வைத்துக்கொள்ளுங்கள், படத்தைப் புதுத் திரையில்.

அச்சுக்கூடம்:

மறு அளவீடு மாதம் ஒருமுறை போதும். அறை விளக்கை மாற்றினால் 100 நிட் என்ற எண்ணையும் தாளை வைத்து மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த அட்டைக்கு முழு அச்சு ஓட்டுவதற்கு முன் ஒரு ப்ரூஃப் தாள் கேட்டு வாங்கி, அதே விளக்கின் கீழ் திரையோடு வைத்துப் பாருங்கள். தாள் இன்னும் இருட்டாக இருந்தால் மானிட்டரை 90-க்கு இறக்கி அந்த அளவில் மறுபடி அளந்துகொள்ளுங்கள். கோப்பைத் தொடுவது அதற்குப் பிறகு.