மலாய்ச் சாப்பாடு: அன்றாடம் தட்டில் வருவது என்ன? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மாம்பலம்வாசி:

வேலை மாற்றலாகிக் கோலாலம்பூர் போகிறேன். நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), ரொட்டி சானாய் (பரோட்டா), தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) என்று போகும் மலேசியக் காலை உணவுப் பழக்கத்தை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது என்று படித்தேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. சுற்றுலாக்காரர்களுக்கான பட்டியல் வேண்டாம். அங்குள்ளவர்கள் அன்றாடம் என்ன சாப்பிடுகிறார்கள், அது உங்களுக்கு எப்படி இருந்தது என்று எழுதுங்கள். மீனும் கோழியும் சாப்பிடுவேன். மாட்டிறைச்சி கிடையாது.

ஜார்ஜ்டவுன்காரன்:

தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் தொடங்குங்கள். பினாங்கில் பிறந்த எனக்கு வேறு வழி தெரியாது. துறைமுகத் தொழிலாளிகளுக்காகத் தோளில் காவடித் தண்டு வைத்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகச் சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம்களிடமிருந்து வந்ததுதான் நாசி கண்டார். இன்று அதே சோற்றுக்கு மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பரிமாறுபவர் கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, மீன் குழம்பில் ஒரு கரண்டி, இறால் குழம்பில் அரைக் கரண்டி என்று கலந்து ஊற்றுவார். 'பஞ்சிர்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சோறு குழம்பில் மிதக்கும். குழம்புகளைத் தனித்தனியாக வைக்கச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

அதே கடையில் இரவில் மீ கோரேங் கேளுங்கள். நூடுல்ஸும் தோஃபுவும் சீனரிடமிருந்து வந்தவை, மிளகாய் விழுது மலாய்க்காரருடையது, வாணலியைப் பிடித்திருப்பவர் நம் ஆள். அவித்த உருளைக்கிழங்குத் துண்டும் அதில் விழும். மேலே சிறு எலுமிச்சையைப் பிழிந்துகொள்ள வேண்டும். எந்த இனத்தின் சாப்பாடு என்று கேட்டால் மூன்று பேரும் தங்களுடையது என்பார்கள்.

புளித்த மீன் சாற்றில் நூடுல்ஸ் போட்ட அசாம் லக்சாவைச் சொல்லாமல் விட்டால் ஊரில் என்னை உள்ளே விடமாட்டார்கள். கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து, முள் எடுத்து, சதையை உதிர்த்து மீண்டும் அதே சாற்றில் போடுவார்கள். புளி, காய்ந்த அசாம் துண்டுகள், இஞ்சி வகையைச் சேர்ந்த ஒரு செடியின் இளஞ்சிவப்பு மொட்டு ஆகியவையும் அதில் சேரும். தேங்காய்ப்பால் துளியும் இல்லை. பரிமாறும்போது அன்னாசி, வெள்ளரி, புதினா, கடைசியில் கரேலென்று ஒரு கரண்டி இறால் பாகு. அந்தக் கறுப்பைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். அதைக் கலக்காத லக்சா வெறும் புளிச்சாறு.

சிரம்பான் தெருமுனை:

மேலே எழுதியவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அது கடைத்தெருச் சாப்பாடு. கேள்வி மலாய்க்காரர்களின் அன்றாடத்தைப் பற்றியது. பகலில் ஒரு மலாய் வீட்டுக்குள் போனால் ரொட்டி சானாயும் இருக்காது, குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சியான சாத்தேயும் இருக்காது. சோறு, மஞ்சளும் உப்பும் தடவிப் பொரித்த மீன், ஒரு குழம்பு, ஒரு கைப்பிடி பச்சை இலை, சிறு கிண்ணத்தில் சம்பால் பெலாச்சான் என்ற மிளகாய்த் துவையல். அவ்வளவுதான். வெளியிலிருந்து வருகிறவர்கள் குழம்பைப் பார்த்து "நம் ஊர் மாதிரியே இருக்கிறது" என்று மகிழ்ந்துவிட்டு அந்தக் கிண்ணத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். மலாய்ச் சாப்பாட்டின் உயிர் அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது.

எங்கள் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாயில் அத்தை) அதைச் செய்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான். பெலாச்சான் என்பது சிறு இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து, இடித்து, வெயிலில் காயவைத்த கட்டி. அதில் ஒரு துண்டைத் தீயில் வாட்டுவார். வாசனை (எங்கள் அம்மாவைக் கேட்டால் நாற்றம்) தெருக்கோடி வரை போகும். பிறகு கல் உரலில் பழுத்த சிவப்பு மிளகாயைப் போட்டு, வாட்டிய பெலாச்சானைச் சேர்த்து, ஒன்றிரண்டாக இடிப்பார். மைபோல அரைத்தால் அவருக்குப் பிடிக்காது. விதை தெரிய வேண்டும். கடைசியில் கோலிக்குண்டு அளவுள்ள லீமாவ் கஸ்தூரி என்ற எலுமிச்சையைப் பிழிந்து, தோலையும் உள்ளேயே போட்டுவிடுவார். அடுப்பில் ஏற்றுவது கிடையாது. அன்று இடித்ததை அன்றே சாப்பிட்டுவிட வேண்டும்.

அதைத் தொட்டுத் தின்பதற்குத்தான் உலாம். வல்லாரை, வெள்ளரி, பெத்தாய்க் கொட்டை, முந்திரிமரத்தின் இளஞ்சிவப்புக் கொழுந்து எல்லாமே பச்சையாக. முந்திரிக் கொழுந்து முதலில் துவர்க்கும். சம்பாலோடு சேர்ந்ததும் துவர்ப்பு அடங்கிவிடும். பெத்தாயின் வாடை மறுநாள் வரை உங்களை விடாது, அலுவலகக் கூட்டம் இருக்கும் நாளில் வேண்டாம்.

சிரம்பான் இருக்கும் எங்கள் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் குழம்பு மசாக் லெமாக் சிலி ஆப்பி. ஊசிமிளகாயையும் பச்சை மஞ்சளையும் இடித்துத் தேங்காய்ப்பாலில் கரைத்து, மீனோ கோழியோ மரவள்ளித் தளிரோ போட்டுக் கொதிக்கவிடுவார்கள். தாளிப்பு இல்லை, மல்லித்தூள் இல்லை, எண்ணெயும் இல்லை. பால் திரிந்துவிடாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே மஞ்சள் இலையை நறுக்கிப் போட்டதும் வரும் மணத்துக்கு ஈடாக நம் சமையலில் எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. பார்க்கச் சாதுவான மஞ்சள் குழம்பு, வாயில் வைத்தால் காது அடைக்கும். மலாய்ச் சாப்பாடு இனிப்பு என்று யாராவது சொன்னால் அவர்களைச் சிரம்பானுக்கு அனுப்புங்கள்.

சுமத்ராவிலிருந்து வந்து இங்கே குடியேறிய மினாங்கபாவ் மக்களின் கை இது. ரெண்டாங்கும் அவர்களுடையதுதான். வறுத்து இடித்த தேங்காய், எலுமிச்சைப்புல், நாம் மருந்துக்கு மட்டும் வைத்திருக்கும் பேரரத்தை எல்லாம் போட்டு, தேங்காய்ப்பால் வற்றும் வரை இறைச்சி மணிக்கணக்கில் வேகும். 2018-இல் பிரிட்டனின் மாஸ்டர்செஃப் நடுவர் ஒருவர் கோழி ரெண்டாங்கின் தோல் மொறுமொறுவென்று இல்லை என்று குறை சொல்லிவிட்டார். எதிலும் ஒத்துப்போகாத மலேசியரும் இந்தோனேசியரும் அன்று ஒரே அணியில் நின்றார்கள். ஹரி ராயா பெருநாளுக்கு மக்சிக் வீட்டில், மாட்டிறைச்சி சாப்பிடாத எங்களுக்கென்று கோழி ரெண்டாங் தனிச் சட்டியில், தனிக் கரண்டியோடு இருக்கும். கேட்டு வாங்கியதில்லை, அவராகவே செய்ததுதான்.

சைவப் பட்சிணி:

பெட்டாலிங் ஜெயாவில் வேலை பார்க்கும் சென்னைக்காரி. சைவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காகச் சில வரிகள்.

"இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் மீன் வரும். "மீனும் வேண்டாம்" என்றால் கீரை வரும். அந்தக் கீரையில் பெலாச்சான் இருக்கும். கங்கோங் கீரை வதக்கலில் பெரும்பாலும் அதுதான் சேர்மானம். தேங்காய்ப்பாலில் காய் போட்ட சாயுர் லோடேயைப் பார்த்து நம் அவியலின் உறவு என்று நினைப்பீர்கள். உலர்ந்த இறாலை இடித்துப் போட்டிருப்பார்கள். நாசி லெமாக்கின் சோறு சுத்த சைவம்: தேங்காய்ப்பாலும் ரம்பை இலையும்தான். ஆனால் மேலே வைக்கும் சம்பாலில் நெத்திலி. கடைக்காரர்கள் ஏமாற்றுவதில்லை. அவர்கள் கணக்கில் இவையெல்லாம் உப்பு, புளி போலத்தான். என்னென்ன போட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டால் நேர்மையாகப் பதில் வரும்.

எனக்குக் கிடைத்த ஆறுதல் குயே எனப்படும் மாலை நேரத்துப் பலகாரங்கள். ஒண்டே ஒண்டே என்று பச்சை நிற உருண்டை: ரம்பைச் சாறு சேர்த்துப் பிசைந்த மாவு, உள்ளே தென்னங்கருப்பட்டி, வெளியே தேங்காய்த்துருவல். முழுதாக வாயில் போட்டு உதட்டை மூடிக்கொண்டு கடிக்க வேண்டும். பாதியாகக் கடித்தால் பாகு சட்டையில்தான் இருக்கும். தோஃபுவைக் கீறி முளைப்பயறும் வெள்ளரியும் அடைத்த தாவு சும்பாட்டும் நல்லது, குழம்பில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கோத்தாபாரு ஆசிரியர்:

கிளந்தானை யாரும் தொடவில்லையே! இங்கே காலையில் நாசி கெராபு. சோறு நீல நிறம். சங்குப்பூவைப் போட்டு வடிப்பது. பக்கத்தில் பொடியாக நறுக்கிய இலைகள், வறுத்த தேங்காய், உப்பிட்ட முட்டை, மீனும் தேங்காயும் அடைத்த பெரிய பச்சைமிளகாய், எல்லாவற்றின் மீதும் புடு என்ற நெத்திலிச் சாறு. பிசைந்து சாப்பிட வேண்டும். கரண்டி கேட்டால் கொடுப்பார்கள், மனத்துக்குள் சிரித்துக்கொள்வார்கள். அடுத்த மாநிலமான திரங்கானுவின் நாசி டகாங் நம் நாக்குக்கு உடனே பிடிபடும். தேங்காய்ப்பாலில் வெந்த சோற்றில் வெந்தயம் போட்டிருப்பார்கள், தொட்டுக்கொள்ளச் சூரை மீன் குழம்பு.

ஜொகூர் பாலம்:

தெற்கில் லக்சா என்றால் ஸ்பகெட்டி. ஆமாம், இத்தாலிய ஸ்பகெட்டிதான். மேலே தேங்காய்ப்பாலில் வெந்த கெட்டியான மீன் குழம்பு. கையால்தான் சாப்பிடுவார்கள். பினாங்குக்காரர் கோபப்பட வேண்டாம்.

ஜார்ஜ்டவுன்காரன்:

கோபம் இல்லை. அதை லக்சா என்று அழைக்காதவரை.

மாம்பலம்வாசி:

எல்லோருக்கும் நன்றி. மலாய் வீட்டில் யாரையும் தெரியாத எனக்கு அந்தச் சம்பாலும் உலாமும் எங்கே கிடைக்கும்?

சிரம்பான் தெருமுனை:

நாசி சம்பூர் கடை. அலுவலகங்கள் இருக்கும் எந்தப் பகுதியிலும் இருக்கும். தட்டில் சோற்றை வாங்கிக்கொண்டு, வரிசையாக வைத்திருக்கும் தட்டங்களிலிருந்து வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும். கல்லாவில் இருக்கும் பெண்மணி தட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொகை சொல்வார். எடை இல்லை, விலைப்பட்டியலும் பெரும்பாலும் இல்லை. பெரிய இறாலும் பெரிய மீன் துண்டும்தான் தொகையை ஏற்றும். முதல் சில நாள் ஒரு மீன், ஒரு காய் என்று எடுத்துப் பார்த்தால் விலை பிடிபட்டுவிடும். உலாமும் சம்பால் பெலாச்சானும் ஓரமாக ஒரு மேசையில் இருக்கும். பல கடைகளில் அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை. எது மாட்டிறைச்சி என்று தெரியாவிட்டால் தட்டத்தைக் காட்டி "டாகிங்?" என்று கேளுங்கள், தலையசைப்பிலேயே பதில் வந்துவிடும். டால்ச்சாவையும் கேட்டுவிட்டே எடுங்கள்; பருப்பு, கத்தரிக்காய் என்று சாம்பார்போலத் தெரிந்தாலும் எலும்பு போட்டுக் கொதிக்கவைப்பதுண்டு.

பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள். ஒன்றரைக்கு மேல் மசாக் லெமாக் தட்டத்தில் மஞ்சள் குழம்பு மட்டும்தான் மிஞ்சும், மீன் இருக்காது. வெள்ளிக்கிழமைகளில் தொழுகைக்காகப் பல கடைகள் நடுப்பகலில் மூடிவிடும், அன்று இன்னும் சீக்கிரம்.