டோரா-சான் முதல் படம் பார்த்தாச்சு, அடுத்து எது பார்க்கலாம்? 50 படமும் வரிசையா பார்க்கணுமா?

மழைச்சாரல்:
நேத்து ராத்திரி டோரா-சான் வர்ற ஜப்பான் பட வரிசை 'ஒடோகோ வா ட்சுராய் யோ'வோட முதல் படம் பார்த்தேன், 1969ல வந்தது. இருபது வருஷமா வீட்டுப் பக்கமே வராத டோராஜிரோ (இவன்தான் டோரா-சான்) திடீர்னு டோக்கியோல இருக்குற தன் ஊர் ஷிபமாட்டாவுக்கு வந்து நிக்குறான், தங்கச்சி சகுராவுக்கு நல்ல இடத்துல சம்பந்தம் பேசப் போனா அங்க கூடப்போய் குடிச்சுட்டு கண்டபடி பேசி மொத்தத்தையும் கெடுத்துடுறான். காமெடின்னு சொன்னாங்க, எனக்கு பாதி நேரம் இவன் மேல கோபம்தான் வந்துச்சு. ஆனா அப்புறம் சகுராவுக்கு வேற ஒருத்தரோட நடக்குற கல்யாணத்துல மாப்பிள்ளை ஹிரோஷியோட அப்பா எழுந்து பேசுற சீன் இருக்கே (டைரக்டர் குரோசவா படங்கள்ல வர்ற டகாஷி ஷிமுராதான் அவர்), அதுல அழுதுட்டேன்.

மொத்தம் 50 படமாம், எல்லாமே ஒரே கதைன்னும் சொல்றாங்க. வருவான், ஒரு பொண்ணு மேல ஆசைப்படுவான், கைகூடாது, பெட்டியத் தூக்கிட்டு கிளம்பிடுவான். அப்புறம் எதுக்கு அம்பதையும் பார்க்கணும்? அடுத்து எது பார்த்தா இவன் மேல இருக்குற கோபம் போகும்?

பழையரீல்:
வரிசையா பார்க்கணும்னு கட்டாயம் இல்ல. ஷோச்சிகு படக் கம்பெனி ரொம்ப வருஷம் ஓபோன் (கோடையில முன்னோர்களை நினைக்குற பண்டிகை) சீசனுக்கு ஒண்ணு புது வருஷத்துக்கு ஒண்ணுன்னு வருஷத்துக்கு ரெண்டு விட்டாங்க, ஜனங்க குடும்பத்தோட போற படம், அதனால எந்தப் படத்துல நுழைஞ்சாலும் கதை புரியும். மூணாவதும் நாலாவதும் மட்டும் வேற டைரக்டர்கள், மத்ததெல்லாம் யோஜி யமடா. ஒரே ஒரு விஷயம், லில்லி வர்ற படங்கள மட்டும் வரிசை மாத்தாதீங்க: 11, 15, 25, 48. லில்லியா நடிச்சது ருரிகோ அசாவோகா, ஊர் ஊரா போய் கேபரேல பாடுற பொண்ணு, டோரா மாதிரியே ஒரு இடத்துல நிக்காத ஆள்.

நதிக்கரை:
உங்க கோபம் நியாயமானதுதான். முதல் படத்துல அவன் நிஜமாவே முரடன். ஆனா அது போகணும்னா 11 பார்த்துட்டு உடனே 15க்கு வாங்க, 1975ல வந்தது, என்னைக் கேட்டா மொத்த வரிசையிலயே இதுதான் உச்சம்.

அதுல ஒரு முலாம்பழம் சீன் இருக்கு. வீட்ல தங்கிட்டுப் போன ஒருத்தர் நன்றிக்கு பழம் கொடுத்துட்டுப் போறார். அந்தக் காலத்து ஜப்பான்ல முலாம்பழம்னா சும்மா வாங்கித் திங்கிற பொருள் இல்ல, பரிசா கொடுக்குற அளவுக்கு விலை. டோராவோட சித்தி கத்திய எடுத்து தலைய எண்ணி எண்ணி வெட்டுறாங்க, எல்லாரும் வாயில வைக்கிற நேரம் டோரா உள்ள வர்றான், அப்பதான் தெரியுது அவனை எண்ணவே இல்லன்னு. அந்த ஒரு நிமிஷம் எல்லார் முகத்தையும் பாருங்க. சகுரா தன்னோட துண்டை நீட்டுறா, வாய் வச்சதையா கொடுக்குறன்னு இவன் குதிக்க, வீடே ரெண்டாகுது. வெளிய இருந்து பார்த்தா நாப்பது வயசு ஆள் ஒரு துண்டு பழத்துக்கு சண்டை போடுறான், சிரிச்சு வயிறு வலிக்கும். ஆனா அவன் வலி பழத்தைப் பத்தினது இல்ல, என் வீட்ல என்னைக் கணக்குல சேர்க்கலையேங்கிறதுதான். முதல் படத்துல அவன் பண்ணின ரகளை எல்லாத்துக்கும் அடியில இதுதான் இருந்துச்சுன்னு எனக்கு இந்த சீன் பார்த்தப்புறம்தான் உறைச்சுது. லில்லி குறுக்க வந்து, இவ்வளவு நல்ல வீடு கிடைச்சும் இப்படிப் பண்றியேன்னு அவனைக் கிழிச்சு விடுறா, ஏன்னா அவளை எண்ணிக்கையில சேர்க்குறதுக்கு ஒரு வீடே கிடையாது. கோவிச்சுட்டு போனவன் மழை பேஞ்சதும் குடையோட ஷிபமாட்டா ஸ்டேஷன் வாசல்ல போய் நிக்குறான், என்னைக் கூப்பிட வந்தியான்னு அவ கேட்டா இல்ல சும்மா நடக்க வந்தேங்கிறான், கொட்டுற மழையில!

டோராவா நடிக்கிற கியோஷி அட்சுமி பேசுறதை நல்லா கவனிங்க. பெரிய மேடையில லில்லியைப் பாட வைக்கணும், காசு மட்டும் இருந்தா நான் செய்வேன்னு வீட்ல உக்காந்து சொல்லுவார், வெறும் வாய்தான், ஆனா மேடையும் விளக்கும் கூட்டமும் நம்ம கண்ணு முன்னாடி வந்துடும். டோக்கியோ அசகுசா பகுதி மேடையில காமெடி பண்ணி வளர்ந்தவர், இளவயசுலயே காசநோயில வலது நுரையீரல் போயிடுச்சு, அதுக்கப்புறம்தான் இதெல்லாம் பண்ணினார்.

கடைசிபெஞ்ச்:
17ஐ விட்டுடாதீங்க. குடிச்சுட்டு கிடந்த ஒரு கிழவரை டோரா பரிதாபப்பட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றான், அவர் அதை லாட்ஜுன்னு நினைச்சு ஆட்டம் போட்டுட்டு, தங்கினதுக்கு ஒரு பேப்பர்ல ஏதோ கிறுக்கிக் கொடுக்குறார், பழைய புத்தகக் கடைல கொண்டுபோய் காட்டினா 70,000 யென் தர்றாங்க, ஏன்னா அவர் நாடறிஞ்ச ஓவியர்.

அப்புறம் 'ஒரே கதை'ங்கிறதைப் பத்தி. கதை மாறாது, ஆனா ஆளுங்க நிஜமா வயசாகுறாங்க. முதல் படத்துல பிறக்குற சகுரா பையன் மிட்சுவோ 27ல இருந்து ஒரே நடிகர்தான், ஹிடேடகா யோஷியோகா. சின்னப் பையனா வர்றவர் 2019ல வந்த 50வது படத்துல நடுவயசு எழுத்தாளரா நிக்குறார். சித்தப்பாவா நடிச்சவர் இறந்து போய் வேற ஆள் வருவார். ஆனா அவங்க குடும்பக் கடை அதே கடை, அங்க விக்கிற அதே டாங்கோ (அரிசிமாவு உருண்டை), வாசல்ல அதே பேச்சு. இருபது படம் தாண்டினா சொந்தக்காரங்க வீட்டுக்குப் போற மாதிரி ஆயிடும் ப்ரோ.

மழைச்சாரல்:
எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை 11, ஞாயிறு 15 பார்த்துட்டேன். நதிக்கரை சொன்ன முலாம்பழம் சீன்ல முதல்ல விழுந்து விழுந்து சிரிச்சேன், அப்புறம் ரீவைண்ட் பண்ணி ரெண்டாவது தடவை பார்த்தப்ப சிரிக்க முடியல. லில்லி கல்யாணத்துக்கு சரின்னு சொன்னதும் அதை ஜோக்குனு ஆக்கிடுறானே, அந்த இடத்துல டிவிக்குள்ள கைய விட்டு அவனை உலுக்கணும் போல இருந்துச்சு. நேரா 48க்குப் போகலாமா?

பழையரீல்:
வேணாம், 25 முடிச்சுட்டு போங்க, ஒகினாவால அவங்க ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருக்குறதைப் பார்க்காம 48 பாதிதான் புரியும்.

ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டு பாருங்க. இது முதல்ல டிவி தொடரா வந்தது, கடைசி எபிசோட்ல டோரா அமாமி தீவுல ஹபு பாம்பு கடிச்சு செத்துப் போவான். ஜனங்க கொந்தளிச்சுட்டாங்க, அதனாலதான் படமே எடுத்தாங்க. 1995 டிசம்பர்ல வந்த 48ல அவன் லில்லியோட இருக்கிறது அதே அமாமி பக்கத்துலதான். அட்சுமிக்கு அப்ப புற்றுநோய் முத்திப்போச்சு, நிறைய சீன்ல உக்காந்தேதான் இருப்பார், 1996 ஆகஸ்ட்ல 68 வயசுல போயிட்டார். அந்தப் படத்துல லில்லி பக்கத்துல அவர் உக்காந்திருக்குற சீன் வர்றப்ப போனைத் தள்ளி வச்சுட்டு பாருங்க.