ஜவ்வரிசிக்குள் அரிசி இருக்கிறதா? சொல் விளையாட்டுக்கு விதி சொல்லுங்கள்

கேட்பவர்: கொலுசுப்பட்டறை (செவ்வாய்ப்பேட்டை)

எல்லாருக்கும் வணக்கம். டெலிகிராமில் எங்களுக்கு ஒரு சொல் விளையாட்டுக் குழு உண்டு. பாதிப் பேர் சேலம், கொஞ்சம் பேர் ஏற்காடு, மிச்சமெல்லாம் பெங்களூர், திருப்பூர், துபாய் என்று பிழைக்கப் போன நம்ம ஊர்க்காரர்கள். ராத்திரி பட்டறையைச் சாத்தியதும் நான்தான் சொல் போடுவேன். ஒரு நாள் பெரிய சொல் கொடுத்து, அதிலுள்ள எழுத்துகளை வைத்துச் சின்னச் சொற்கள் எடுக்கும் ஆட்டம். மறுநாள், ஒரு சொல் முடிகிற எழுத்தில் அடுத்தவர் தொடங்கும் தொடர் ஆட்டம். பரிசெல்லாம் கிடையாது. ஜெயித்தவருக்குத் தட்டுவடை செட் போட்டோ ஒன்று அனுப்புவேன், பீட்ரூட் துருவலும் ரெண்டு சட்னியும் பளிச்சென்று தெரிகிற மாதிரி. துபாய்க்காரர்களுக்கு அதுவே பெரிய கொடுமை.

இப்போது தகராறு. ஊர்ப் பொருளாயிற்றே என்று ‘ஜவ்வரிசி’ போட்டேன். முதல் ஆளாக ஒருத்தர் ‘அரிசி’ என்றார். இதில் ‘அ’ எங்கே இருக்கிறது என்று கேட்டால், “வ என்பது வ்+அ தானே, பள்ளிக்கூடம் போனீங்களா இல்லையா?” என்கிறார். ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலையில் வேலை பார்க்கிற இன்னொருத்தர் நடுவில் புகுந்து, “ஜவ்வரிசியில் அரிசியே கிடையாது, எல்லாம் மரவள்ளிக்கிழங்கு மாவு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஆட்டமே நடக்கவில்லை.

தொடர் ஆட்டமும் முட்டிக்கொண்டு நிற்கிறது. ‘சேலம்’ என்றால் ம வரிசையில் போகலாம். ‘மீன்’ என்றால் எங்கே போவது? ‘ஏற்காடு’ என்றதும் ஒருத்தர் டூத்பேஸ்ட் என்கிறார், இன்னொருத்தர் டூவீலர் என்கிறார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒருத்தர் இருக்கிறார், சொல் போட்ட ரெண்டாவது நிமிஷம் ஒரு மூட்டை வார்த்தையை அப்படியே ஒட்டுகிறார். பாதி யாரும் கேள்விப்படாதது. கேட்டால் அகராதியில் இருக்கிறதாம். நல்ல மனுஷன், யார் வீட்டு விசேஷம் என்றாலும் முதல் வாழ்த்து அவருடையதுதான், வெளியே அனுப்ப மனசு வரவில்லை. ஆனால் அவர் ஒட்டியதும் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு அம்மா ஆடுவார். மழை வந்தால் அங்கே சிக்னல் போய்விடும். அவர் ‘வரி’ என்று ஒரு சொல் தட்டி அனுப்புவதற்குள் இங்கே வாழ்த்தெல்லாம் சொல்லி முடித்திருப்பார்கள். இப்போது வருவதையே நிறுத்திவிட்டார். யாரையும் குற்றம் சொல்லாமல் இதைச் சரி பண்ண வழி இருக்கிறதா?

---

பதில்: அஸ்தம்பட்டி டீச்சர்

தம்பி, முதலில் அரிசி வழக்கை முடித்துவிடுவோம். உயிர்மெய்யை உடைக்கக் கூடாது. உடைத்தால் 247 எழுத்தும் சுருங்கி 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என்று 31 ஆகிவிடும். அப்புறம் அதே ஜவ்வரிசியிலிருந்து சரி, ரவி, அவி என்று எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வருகிற ஒவ்வொரு விடையையும் ச்+அ, ர்+இ என்று பிரித்துச் சரிபார்க்கப்போவது யார்? கொலுசுக்குக் கொக்கி மாட்டுகிற நேரத்தில் உங்களுக்கு இது தேவையா?

உடைக்காமல் பார்த்தால் ஜவ்வரிசியில் இருப்பது ஐந்தே எழுத்து. வரி, வசி, அதோடு சரி. ஆக, குறை நீங்கள் எடுத்த சொல்லில்தான். கிழங்கையே போட்டிருக்கலாம். ‘மரவள்ளிக்கிழங்கு’ பத்து எழுத்து. வரகு இருக்கிறது, வழக்கு இருக்கிறது, வங்கி இருக்கிறது, கிளி கூட இருக்கிறது. மிச்சத்தை நான் சொல்ல மாட்டேன். நல்ல சொல்லுக்கு அடையாளம், உள்ளே ஒன்றிரண்டு மெய்யெழுத்து இருக்க வேண்டும், கு, டு, ளி, டை மாதிரி சொல்லை முடித்துக்கொடுக்கிற எழுத்தும் இருக்க வேண்டும். நெடில் மட்டுமே நிறைந்த சொல்லைத் தொடாதீர்கள்.

தொடர் ஆட்டத்துக்கு நன்னூல் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு உயிரும், க ச த ந ப ம வ ய ஞ ங என்ற பத்து மெய்யின் வரிசைகளும் சொல்லுக்கு முதலில் வரும். (ங-வில் உங்களுக்குச் சொல் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.) மிச்சமுள்ள ட ண ர ல ழ ள ற ன எட்டும் வராது. இந்த எட்டில் ஒன்றில் சொல் முடிந்தால் அதற்கு முந்தின எழுத்துக்குப் போங்கள். மீன் என்றால் மீ, ஏற்காடு என்றால் கா. முந்தினதும் அதே கும்பல் என்றால் இன்னும் ஒரு படி பின்னால், தட்டு என்றால் த. சிலர் கடைசி உயிரை எடுக்கச் சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். மலை, வாழை, சேலை, இலை என்று பாதி ஊர் ‘ஐ’யில் முடிகிறது. ஐந்து, ஐயம், ஐப்பசி சொன்னதும் எல்லாரும் கூரையைப் பார்ப்பார்கள்.

---

பதில்: மூக்கனேரிக்கரை

டீச்சர் சொன்னதுதான் சரி. ஆனால் ரயில், ரோடு, லாரி மூன்றும் இல்லாமல் சேலத்தில் ஒரு பேச்சு நடக்குமா டீச்சர்? ர, ல, ட மூன்றுக்கு மட்டும் கதவைத் திறந்துவிடலாம் என்பது என் கட்சி.

அண்ணா, டெலிகிராமில் தானாக வேலை செய்கிற பாட் (bot) நிரல் வைத்து எழுத்தைக் கலைத்துப் போடுகிறீர்களா? அப்படியென்றால் கவனம். ‘சேலம்’ நமக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்தைச் சேமிக்கிற யூனிகோடு முறையில் அது ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி என்று ஐந்து. சும்மா கலைத்துப் போட்டால் கொம்பு ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம் என்று அந்தரத்தில் தொங்கும். முழு எழுத்தாகப் பிரித்துவிட்டு அதன் பிறகு கலைக்கச் சொல்ல வேண்டும்.

ஒட்டுகிறவர் விஷயத்துக்குப் பாகிள் என்ற ஆட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. பதினாறு எழுத்துப் பகடை, மூன்று நிமிஷ மணல் கடிகாரம். ஆளாளுக்குத் தன் காகிதத்தில் எழுதுவார்கள். முடிந்ததும் வாசிக்கும்போது ரெண்டு பேர் எழுதிய சொல்லை அடித்துவிடுவார்கள், ஒருத்தர் மட்டும் எழுதியதற்குத்தான் மதிப்பெண். நீங்களும் விடைகளைக் குழுவில் போடச் சொல்லாதீர்கள், உங்களுக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். யார் முதலில் என்ற பிரச்சினையே போய்விடும்.

---

பதில்: இருபதாவது வளைவு (ஏற்காடு)

தனியாக அனுப்புவது நல்ல யோசனைங்க. ஆனால் பொதுவான சொல்லை அடித்தால் லாபம் யாருக்கு? அந்த ஒட்டுகிற அண்ணனுக்குத்தான். யாரும் அறியாத சொல்லெல்லாம் அவரிடம்தானே இருக்கிறது! அப்படியே தலைகீழாக மாற்றுங்கள். இன்னொருத்தரும் எழுதிய சொல்லுக்குத்தான் மதிப்பெண், தனியாக நிற்கும் சொல்லுக்குப் பூஜ்யம். அவர் எத்தனை வேண்டுமானாலும் ஒட்டட்டும், யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

இதில் அகராதிச் சண்டையும் ஓய்ந்துவிடும். ‘தட்டுவடை’ போடுகிறீர்கள் என்று வையுங்கள். வடை, தடை, தட்டை, வடு எல்லாரும் எழுதுவார்கள். எங்கள் வீட்டில் ‘தவடையில ரெண்டு வெச்சேன்னா’ என்று தினமும் கேட்கலாம், அதனால் நான் ‘தவடை’யும் எழுதுவேன். இன்னொரு வீட்டிலும் அந்த மிரட்டல் உண்டு என்றால் எனக்கு மதிப்பெண். எந்தப் புத்தகத்தையும் புரட்ட வேண்டாம்.

அப்புறம் நேரம். ஒரே ராத்திரியில் முடிக்க என்ன அவசரம்? எங்களுக்குக் கார்த்திகை, மார்கழியில் காப்பிப் பழம் பறிப்பு. இருட்டின பிறகும் எடை போட்டு, பழத்தைத் தோலுரிக்கிற பல்ப்பர் மெஷினுக்கு அனுப்பிவிட்டுத்தான் வீடு. காற்றடித்தால் கரண்டும் போய்விடும். மறுநாள் மத்தியானம் வரைக்கும் நேரம் கொடுங்கள். தட்டத் தெரியாதவர்கள் வாய்ஸ் நோட்டில் சொல்லட்டும், கேட்டு நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நாகலூர் அம்மாவுக்கு இது ஒன்று போதும்.

---

பதில்: அஸ்தம்பட்டி டீச்சர்

தலைகீழ் விதி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அப்படியே விட்டால் நாலே நாளில் எல்லாரும் வடை, தடை மட்டும் எழுதிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். சரியாக ரெண்டே பேர் எழுதிய சொல்லுக்கு 3, அதற்கு மேல் எத்தனை பேர் எழுதினாலும் 1, ஒருத்தர் மட்டும் என்றால் 0. இப்படி வைத்தால் கொஞ்சம் மூளையைக் கசக்க வேண்டியிருக்கும்.

வாய்ஸ் நோட்டில் ல, ள, ழ குழப்பம் வரும். சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். லாரி, ரயிலுக்கு என் ஓட்டு கிடையாது. ட-வைத் திறந்தால் டூத்பேஸ்ட் திரும்பி வந்துவிடும்.

---

பதில்: கொலுசுப்பட்டறை

ரொம்ப நன்றி டீச்சர், தம்பிகளா. டீச்சர் சொன்ன 3, 1, 0 கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். விடை தனியாக வரட்டும், மறுநாள் மத்தியானம் வரை நேரம், வாய்ஸ் நோட்டும் செல்லும். ரயில், லாரி பற்றிக் குழுவிலேயே ஓட்டெடுப்பு வைத்துவிடுகிறேன், நமக்கு ஏன் வம்பு.

ஒன்றே ஒன்றுதான் யோசனையாக இருந்தது. இத்தனை பேர் விடையை ஒப்பிட்டு எந்தச் சொல்லை எத்தனை பேர் எழுதினார்கள் என்று எண்ண வேண்டும். பற்றவைக்கிற கையோடு எனக்கு அது ஆகாது. அதனால் ஒட்டுகிற அண்ணனுக்கே போன் போட்டேன். எக்செல்லில் அட்டவணை போட்டுத் தருகிறேன், அன்றன்றைக்குக் கூட்டிச் சொல்கிறேன் என்று சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். விடையெல்லாம் அவர் கைக்குப் போவதால் அவர் ஆட முடியாது என்பதை நான் சொல்லவே தேவைப்படவில்லை, அவரே சொல்லிவிட்டார்.

நாளைக்குக் கிழங்குதான். டீச்சர் ஏற்கெனவே சொன்ன நாலு சொல்லுக்கும் மதிப்பெண் கிடையாது.