கணவாய்த் தூண்டிலில் பூசும் மணப்பொருளுக்குத் தமிழ்ச்சொல்: ‘கவர்மணம்’ குறித்து

மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து அனைவருக்கும் வணக்கம். நம் கலைச்சொல் அகராதிக்காகக் குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்த சொல்லைப் பற்றி என் கருத்து இது.

> கணவாயைத் தூண்டிலுக்கு இழுக்கப் பொய்யிரையின்மேல் பூசும் பொருளைக் ‘கவர்மணம்’ எனலாம். சொல்லும் சிறியது, பொருளும் தெளிவு.

ஐயாவின் சொல் செவிக்கு இனியதுதான். ஆனால் அதன் இரு பாதிகளும், அதாவது ‘கவர்’ என்பதும் ‘மணம்’ என்பதும், கணவாயைப் பொறுத்தவரை நடக்காத ஒன்றைச் சொல்வதால் இதை ஏற்கத் தயங்குகிறேன்.

முதலில் ‘கவர்’. எங்கள் ஊரைச் சுற்றியுள்ள செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில், மறுநடவு செய்த இடங்களில் காண்டாமிருக வண்டுகளைப் பிடிக்க வாளிப்பொறிகளைத் தொங்கவிடுவார்கள். அவற்றுள் வைக்கும் சிறு பையில் இருப்பது எதைல் 4-மெதைலாக்டனோயேட். ஆண்வண்டு தன் இனத்தைக் கூட்டுவதற்கு வெளியிடும் பொருளைச் செயற்கையாகச் செய்தது. தமிழ்நாட்டு வேளாண் துறையினர் இத்தகைய பொறியை ‘இனக்கவர்ச்சிப் பொறி’ என்கிறார்கள். அங்கே அச்சொல் மிகப் பொருத்தம். பொறியைக் காணாத தொலைவிலிருந்தே வண்டு காற்றில் வரும் மணத்தைப் பின்பற்றி வந்து சேர்கிறது. கணவாயோ பெரும்பாலும் கண்ணை நம்பி வேட்டையாடும் உயிர். மலேசியாவின் திரங்கானு கடலில் சோத்தோங் (மலாயில் கணவாய்) பருவத்தில் படகுகள் இரவெல்லாம் விளக்கெரித்து நிற்பதும், தூண்டிலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருப்பதும் அந்தக் கண்ணுக்காகத்தான்.

அப்படியானால் பூசுவது எதற்கு? கணவாய் இரையைப் பிடித்த பிறகு நடப்பதைப் பார்க்க வேண்டும். எண்காலியின் (ஆக்டோபஸ்) உறிஞ்சிகளில் தொட்டுச் சுவையறியும் ஏற்பிகள் இருப்பதை 2020இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 2023இல் கணவாயின் உறவினமான ஒரு சிற்றினத்திலும் அவ்வகை ஏற்பிகள் கசப்பை அறிய உதவுவது தெரியவந்தது. அதாவது கை பட்ட இடமே நாக்கு. சோத்தோங் தூண்டிலின் அடியில் வட்டமாக நிற்கும் ஊசிகளுக்கோ எதிர்முள், அதாவது குத்தியதைக் கழலாமல் பிடிக்கும் பின்முள், கிடையாது. பிடித்த பொருள் இரையன்று என்று கணவாய் உடனே கைவிட்டால் தப்பித்துவிடும். இன்னும் சற்றுநேரம் அணைத்துக்கொண்டிருந்தால் அகப்படும். அந்தச் சற்றுநேரத்தை வாங்கித் தருவதே இந்தப் பூச்சின் முதன்மையான வேலை என்பது என் கருத்து.

மோப்பமே அதற்கு இல்லை என்று சொல்லவில்லை. கண்ணுக்கு அருகே அதற்கென ஒரு சிறு உறுப்பு உண்டு. ஆனால் 1992இல் கலிபோர்னியக் கடற்கரைக் கணவாயைக் கொண்டு செய்த ஆய்வில், கணவாய் மையையும் வேறு சில பொருள்களையும் அவ்வுறுப்பில் படவைத்தபோது அது நீரைப் பீய்ச்சிக்கொண்டு விலகிப் பாய முயன்றது. மை பட்ட தூண்டிலைக் கழுவிவிட்டு மறுபடி இறக்கும் வழக்கம் காரணமற்றதன்று. மோப்பம் கணவாயை விரட்டவும் கூடுமென்றால், ‘கவர்’ என்று பெயரிலேயே வாக்குறுதி கொடுப்பது புட்டியில் ஒட்டும் விளம்பரத்தின் வேலை, அகராதியின் வேலையன்று.

‘மணம்’ என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புட்டியைத் திறந்ததும் நம் மூக்குக்கு எட்டுவது மணம். நீருக்குள் கணவாய்க்கு எட்டுவது கரைந்த அமினோ அமிலங்கள் முதலியவை. அங்கே மணத்துக்கும் சுவைக்கும் இடையிலான வேலி நிலத்தில் உள்ளதுபோல் உறுதியானதன்று.

> ‘கவிச்சிநெய்’ எப்படி? மீனவர் வாயில் புழங்கும் சொல்.

குழுவில் அம்மா ஒருவர் சொன்ன இந்தச் சொல் எனக்கு உண்மையில் பிடித்திருக்கிறது, ‘கவிச்சி’ என்ற நல்ல சொல் கலைச்சொல் அவைக்குள் வர இது ஒரு வாய்ப்பு என்பதால். ஆனால் இப்பொருள் எண்ணெயாக மட்டுமின்றிக் களிம்பாகவும் நீர்மமாகவும் கிடைப்பதால் ‘நெய்’ இடிக்கிறது.

நான் முன்வைப்பது ‘இரைச்சாறு’. இறால், மத்தி போன்ற இரைகளிலிருந்து எடுத்தது அல்லது அவற்றைப் போலச் செய்தது என்ற அளவோடு அது நின்றுவிடுகிறது. விளைவைப் பற்றி எதையும் உறுதி கூறுவதில்லை. ஜப்பானியர் தங்கள் கணவாய்த் தூண்டிலுக்கு வைத்த ‘எகி’ என்ற பெயரும் இப்படிப்பட்டதே. ‘இரைமரம்’ என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லவில்லை, இன்று பிளாஸ்டிக்கில் வார்த்தாலும் பெயர் நிலைத்திருக்கிறது. இரைப்பைச் சாற்றோடு குழம்புமே என்று ஒருவர் கேட்கலாம். அதற்குரிய இடம் மருத்துவம். மேலும் அங்கே ‘பை’ தவறாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘இரைப்பூச்சு’ என்றும் எண்ணிப் பார்த்தேன். பேச்சில் அது ‘இரைப்பூச்சி’ ஆகிவிடும். எங்கள் ஊர்த் தூண்டில்காரர்கள் உடனே மண்ணைக் கிண்டத் தொடங்கிவிடுவார்கள்.

மீன்துண்டுகளையும் இறால் தலைகளையும் கடலில் தூவி மீனைக் கூட்டுவது வேறு செயல். அதற்கு ‘இரைத்தூவல்’ என்று தனிப்பதிவு இட்டு, இதனோடு கலக்காமல் வைக்க வேண்டும்.

பதிவுக்கான வரைவு: “இரைச்சாறு – தூண்டிலில் கோக்கும் இரையின்மேலோ பொய்யிரையின்மேலோ சேர்க்கும், இரையின் சுவையும் வாடையும் கொண்ட நெய்மம், களிம்பு அல்லது நீர்மம்.” வினையை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. துணி போர்த்திய பொய்யிரை சாற்றை உறிஞ்சிக்கொள்வதால் அதற்கு ‘ஊட்டுதல்’ பொருந்தும். வழுவழுப்பான பிளாஸ்டிக்குக்குப் ‘பூசுதல்’ போதும். இரண்டையும் பதிவில் வைக்கலாமா என்று மற்றவர்கள் சொல்லுங்கள்.